மளிகைக் கடையில் தொடங்கி 10 ஏக்கர் வரை... தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி சொல்லிக்கொடுத்த பாடம்!

2021-ம் ஆண்டு குடியரசு தினத்தை ஒட்டி பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் பெயர் இருந்தது. பெயர் பாப்பம்மாள். இயற்கை விவசாயத்துக்காகப் பத்மஸ்ரீ. வயது 105 என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதமே கோவைக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி அவரைச் சந்தித்து வணங்கிய படம் நாடு முழுக்கப் பரவியது. 2024 செப்டம்பரில் தி.மு.க-வின் முப்பெரும் விழாவில் அவருக்குப் பெரியார் விருது வழங்கப்பட்டது. அதே மாதம் 27-ம் தேதி, நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்த அந்த உயிர் அடங்கியது.

பாட்டியைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைத்தான் பேசின. ஒன்று, அவருடைய வயது. இன்னொன்று, சாப்பாடு. வேப்பங்குச்சியில் பல் துலக்குவார், வெந்நீர் குடிப்பார், ராகி, கம்பு, கீரை சாப்பிடுவார், தட்டில் சாப்பிடாமல் இலையில்தான் சாப்பிடுவார், ஆட்டுக்கறி பிரியாணி பிடிக்கும், விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று விவரமாக எழுதினார்கள். படிக்க சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால், 105 வயது என்பது நம் கையில் இல்லை. அவர் 20 வயதிலும், 40 வயதிலும், 57 வயதிலும் என்ன செய்தார் என்று பார்த்தால், நம் கையில் இருக்கிற காரியங்கள் நிறையத் தெரியும். ஒரு கிராமத்துப் பெண் தன் உழைப்பில் சம்பாதித்து, தானே நிலம் வாங்கி, தன் பெயராலேயே 'விவசாயி' என்று அறியப்பட்டதுதான் எனக்கு அவர் வாழ்க்கையில் பெரிய சங்கதியாகத் தெரிகிறது. விவசாயத்தையும் நம் வீட்டுப் பெண்களையும் நான் பார்க்கும் பார்வையை மாற்றியதும் அதுதான்.

பல்லாங்குழியில் படித்த கணக்கு

பாப்பம்மாள் பிறந்தது 1914-ல், தேவலாபுரத்தில். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். அவரையும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளையும் தேக்கம்பட்டியில் இருந்த பாட்டிதான் எடுத்து வளர்த்தார். மேட்டுப்பாளையத்தை அடுத்து, பவானி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் நடந்த ஊர் என்று சொன்னால் பலருக்கும் நினைவு வரும்.

பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கணக்கு கற்றுக்கொண்டது பல்லாங்குழி போன்ற விளையாட்டுகளில்தான். இதை ஏதோ வேடிக்கைச் செய்தி மாதிரிதான் எல்லோரும் எழுதினார்கள். பல்லாங்குழி ஆடியவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட கணக்கு இல்லை. ஒரு பக்கம் 7 குழி, எதிர்ப்பக்கம் 7 குழி. குழிக்கு 5 முத்து என்றால் மொத்தம் 70. எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கடைசி முத்து எங்கே போய் விழும், அடுத்த குழியில் எத்தனை இருக்கும், எங்கே நாலு சேர்ந்து 'பசு' விழும் என்று கையை வைப்பதற்கு முன்பே மனசு கணக்குப் போட வேண்டும். கையில் இருப்பதை இப்போது எங்கே போட்டால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்கிற அந்தக் கணக்கு, விதைப்புக்கு முன்னால் நாம் எல்லோரும் போடுகிற கணக்குதானே!

கல்லாவிலிருந்து தோட்டத்துக்கு...

பாட்டி காலமான பிறகு, அவர் நடத்திவந்த மளிகைக் கடை பாப்பம்மாள் கைக்கு வந்தது. கடையை அவர் விடாமல் நடத்தினார். பிறகு ஊரிலேயே ஓர் உணவுக் கடையும் போட்டார். இரண்டிலும் வந்த லாபத்தைச் சேர்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார். அப்படி அவர் சேர்த்த நிலம் சுமார் 10 ஏக்கர். சோளம், பயறு வகைகள், காய்கறிகள் என்று பயிர் செய்து, பிறகு வாழைக்கும் வந்தார்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நம்மில் பலர் நிலத்தை வைத்துக்கொண்டு, வருமானத்துக்கு என்ன செய்வது என்று தேடுகிறோம். அவர் அன்றாட வருமானத்தை முதலில் உருவாக்கிக்கொண்டு, அதை நிலமாக மாற்றினார்.

இதன் அருமை வாழை வைத்தவர்களுக்குப் புரியும். கன்று ஊன்றிய நாளிலிருந்து தார் வெட்ட 10 முதல் 12 மாதம் ஆகும். அதுவரைக்கும் செலவு மட்டும்தான். உழவு, கன்று, உரம், களை, முட்டு கொடுப்பது என்று கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். அந்த ஒரு வருஷம் குடும்பம் சாப்பிடுவதற்குக் கடன் வாங்கினால், தார் வெட்டும் அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. 'நாலு நாள் பொறுத்து வெட்டிக்கிறேன்' என்று சொல்கிற தெம்பு இருக்காது. மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் காற்றும் உண்டு, யானையும் உண்டு. ஒரு ராத்திரி யானைக் கூட்டம் இறங்கினால் வருஷ உழைப்பு விடிவதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் தினமும் நாலு காசு புழங்குகிற ஒரு கல்லா இருப்பது, விவசாயத்துக்குப் பெரிய ஊன்றுகோல்.

எல்லோரும் மளிகைக் கடை வைக்க முடியாது. இரண்டு கறவை மாடு, பத்து நாட்டுக்கோழி, நாலு வெள்ளாடு, தையல் மெஷின், மாவு அரைத்துக் கொடுப்பது என்று அவரவர் வசதிக்கு ஒன்று அமையும். இவை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. இதையெல்லாம் 'சில்லறை வருமானம்' என்று நாம் ஒதுக்கிப் பேசுகிறோம். அந்தச் சில்லறைதான் தேக்கம்பட்டியில் 10 ஏக்கர் நிலமானது.

57 வயதில் ஒரு மாணவி

கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உருவானது 1971-ல். அப்போது பாப்பம்மாளுக்கு 57 வயது. 'இனிமேல் என்னத்தைக் கற்றுக்கொள்வது' என்று பலரும் சொல்கிற வயது. அந்தப் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவைத் தொடங்கிய உறுப்பினர்களில் அவர் ஒருவர். பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்துகிற கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்வந்தார். இயற்கை விவசாயத்தில் அவர் முன்னோடி ஆனதும் இந்தத் தொடர்பில்தான்.

விவாதக் குழு என்றால் என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். விவசாயிகள் கூடி, விஞ்ஞானிகள் சொல்வதைக் கேட்டு, தங்கள் நிலத்தில் செய்துபார்த்து, மறுபடியும் கூடி, 'நீங்க சொன்னது எங்க மண்ணுக்கு ஒத்துவரலை' என்றோ, 'நல்லா வந்திருக்கு' என்றோ திருப்பிச் சொல்கிற இடம். வெறுமனே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிற பயிற்சி முகாம் இல்லை. படிப்பு இல்லாத ஒரு பெண், முனைவர் பட்டம் வாங்கியவர்கள் முன்னால் உட்கார்ந்து தன் தோட்டத்துச் சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார் என்றால், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அவர் வாழ்ந்த காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் மட்டுமே இருந்த விவசாயத்தைச் சின்ன வயதில் பார்த்தவர். 1960-களில் ஒட்டு ரகங்களும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர். பிறகு மண் இறுகிப்போய், செலவு ஏறிப்போய், மறுபடியும் இயற்கைக்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு எழுந்ததையும் பார்த்தவர். மூன்று காலத்தையும் தன் கண்ணால் பார்த்த ஒருவர் கடைசியில் இயற்கை விவசாயத்தில் நின்றார் என்பதை, சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சபையில் ஓர் இடம்

1959-ல் தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராக பாப்பம்மாள் தேர்வானார். பிறகு காரமடை ஊராட்சி ஒன்றிய கவுன்சிலராகவும் ஆனார். தி.மு.க-வில் கடைசிவரை ஈடுபாட்டோடு இருந்தார்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 33 சதவிகித இடஒதுக்கீடு வந்தது 1990-களில். அதை 50 சதவிகிதமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது 2016-ல். 1959-ல் ஒரு பெண், ஆண்களோடு போட்டியிட்டு ஊர்ச் சபையில் உட்கார்ந்தார் என்றால், ஊர் அவரைக் கடைக்காரராக, நிலக்காரராக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொந்தக் காலில் நிற்கிறவரின் பேச்சுக்குச் சபையில் கனம் கூடும்.

இன்றைக்கு வருஷத்தில் பல தடவை கிராம சபை கூடுகிறது. வாய்க்கால் தூர்வாருவது, களத்துமேடு, தோட்டத்துப் பாதை என்று விவசாயிக்கு வேண்டியதை அங்கேதான் தீர்மானமாகப் போட வேண்டும். எத்தனை ஊரில் பெண்கள் போய் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு சரி என்கிற நிலைதான் பல ஊர்களில்.

இரண்டரை ஏக்கர் போதும்

வயது ஏறிய பிறகு, 10 ஏக்கரையும் கட்டி மேய்க்க முடியாது என்று ஒரு பகுதியை விற்றுவிட்டு, 2.5 ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார் பாப்பம்மாள். அதில் வாழை விவசாயம் செய்தார். விருது கிடைத்தபோது அவரிடம் இருந்தது அந்த இரண்டரை ஏக்கர்தான்.

நம் ஊரில் நிலத்தை விற்பது என்றாலே தோற்றுப்போனதாக நினைக்கிறோம். ஆள் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் 8 ஏக்கரை அரைகுறையாகப் பார்த்துக் கடனாளி ஆகிறவர்கள் எத்தனையோ பேர். கண்ணும் காலும் எட்டுகிற அளவுக்கு விவசாயத்தைச் சுருக்கிக்கொள்வதும் ஒரு புத்திசாலித்தனம்தான். 6 அடிக்கு 6 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை. இரண்டரை ஏக்கரில் 3,000 வாழை நிற்கும். ஒவ்வொரு மரத்தையும் ஒருவர் தினம் நடந்து பார்த்துவிடலாம். இலையில் புள்ளி விழுந்தாலும், பக்கக் கன்று கிளம்பினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். சிறு விவசாயிக்குப் பெரிய விவசாயியிடம் இல்லாத பலம் இது.

அவருக்குச் சொந்தமாகக் குழந்தைகள் இல்லை. உடன்பிறந்தவளின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். பிள்ளை இல்லாத பெண்ணை நம் ஊர் எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையும் தோட்டமும் சபையுமாக அவர் அத்தனையையும் தாண்டி வந்தார்.

'சும்மா ஊட்ல தானுங்க இருக்கறேன்'

பாப்பம்மாளைப் பற்றிப் படித்த பிறகு என் கண்ணில் உறுத்திய ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். என் அம்மாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படிவத்தைப் பூர்த்தி செய்தவர், "என்ன தொழில் பண்றீங்கம்மா?" என்று கேட்டார். "சும்மா ஊட்ல தானுங்க இருக்கறேன்" என்றார் அம்மா. 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார் அவர். அன்றைக்கு விடியற்காலையில் இரண்டு மாட்டைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, சாணி அள்ளிப்போட்டு, தக்காளிக் காட்டில் இரண்டு பாத்தி களை வெட்டிவிட்டு வந்தவர்தான் அம்மா. 40 வருஷமாக அதுதான் அவருக்கு வேலை. அவரை விவசாயி என்று எழுத வேண்டும் என்பது கேட்டவருக்கும் தோன்றவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை.

இது என் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை. நாற்று நடுவது, களை எடுப்பது, விதை பொறுக்கி வைப்பது, மாடு ஆடு பார்ப்பது எல்லாவற்றிலும் பெண்கள் கைதான் முன்னால் நிற்கிறது. ஆனால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள சாகுபடிப் பண்ணைகளில் 100-க்கு 14 மட்டுமே பெண்கள் பெயரில் இருக்கின்றன. வேலையில் பெரும்பங்கு, பட்டாவில் சிறுபங்கு!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பி.எம்.கிசான் உதவித்தொகை, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், இலவச மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது சிட்டாவைத்தான். கணவர் திடீரென்று இறந்துபோனால், பட்டாவில் பெயர் இல்லாத மனைவி, அதே நிலத்தில் 30 வருஷம் உழைத்திருந்தாலும் ஒவ்வொரு மேஜையாக நின்று தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பாப்பம்மாளுக்கு அந்த நிலைமை வரவில்லை. அவர் உழைப்பு அவர் பெயரிலேயே பேசியது. பத்மஸ்ரீயும் அந்தப் பெயரைத் தேடித்தான் வந்தது.

ஆகவே, அவரை மெச்சுகிறவர்கள் அவர் படத்தை மாட்டுவதைவிட, தங்கள் வீட்டுச் சிட்டாவை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இருக்க வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு உதவியாக, இது தொடர்பாக அடிக்கடி எழுகிற சில கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

பெண்களும் நில உரிமையும்: கேள்வி-பதில்

'என் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சொந்தமாக வாங்கிய நிலத்தில் எனக்கு என்ன பங்கு?'

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, அந்த நிலத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகிய ஒவ்வொருவருக்கும் சமபங்கு உண்டு. முதலில் இறப்புச் சான்றிதழையும், வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வாரிசுச் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தின் பத்திரம், பழைய பட்டா ஆகியவற்றோடு இ-சேவை மையம் மூலம் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வரும். தனிப் பட்டா வேண்டுமென்றால், பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, நில அளவர் மூலம் உட்பிரிவு செய்ய வேண்டும்.

'கல்யாணமாகிப் போன மகளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?'

உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்கு இந்த உரிமை வந்தது. ஆனால், அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கி, மகனுக்கு உள்ள அதே உரிமையை மகளுக்கும் கொடுத்தது. அந்தச் சட்டம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதை மாற்ற முடியாது. 'விடுதலைப் பத்திரம்' என்று நீட்டுகிற காகிதத்தில் விவரம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்குப் போகும் முன், நீதிமன்ற வளாகங்களில் உள்ள இலவச சட்ட உதவி மையங்களை அணுகலாம்.

'புதிதாக நிலம் வாங்கப்போகிறோம். மனைவி பெயரில் வாங்கினால் சலுகை உண்டா?'

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. பத்திரப்பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'சொந்த நிலமே இல்லை. கூலிக்குத்தான் போகிறேன். எனக்கு என்ன வழி?'

ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்குவதற்கு, தாட்கோ மூலம் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' செயல்படுகிறது. நிலத்தின் மதிப்பில் 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரிக்கலாம். குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் பெண்கள், கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கியில் விவசாயக் கடன் கேட்கலாம். கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் குத்தகை விவசாயிகளுக்கும் இடம் உண்டு.

பட்டா, பங்கு, கடன் தொடர்பாக வேறு சந்தேகங்கள் இருந்தால் நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வைத்து எழுதச் சொல்லலாம். கேட்கிறவரின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'விவசாயி' என்றும் போடுங்கள்.